பெற்றது எத்தனை, தங்கினது எத்தனை

பென்சிலால் நிரப்பிய நாலு பக்கப் படிவம் ஒன்று நேற்று காலை என் மகன் கையில் அகப்பட்டது. என் மனைவி இந்த மாதக் கடைசியில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். லோதி ரோடு பக்கம் நாங்கள் இருக்கும் அரசுக் குடியிருப்பு அவள் பெயரில் உள்ளது என்பதால் காலி செய்தாக வேண்டும். மகன் லீவு போட்டு வந்து சாமான் கட்டிக்கொண்டிருக்கிறான். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழுப்பு உறையை இறக்கி, உள்ளே இருந்த காகிதத்தைப் புரட்டி, "அப்பா, இது என்ன? நம்ம ஃபேமிலி டீடெய்ல்ஸ் மாதிரி இருக்கு. வெச்சுக்கணுமா, கபாடில போட்டுடலாமா?" என்று கேட்டான். தில்லியில் பழைய பேப்பர்காரன் கபாடிவாலா. எங்கள் வீட்டில் வேண்டாத எதுவும் கபாடிக்குத்தான் போகும். "ஆபீஸ் காகிதம். அங்க வை" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அது ஆபீஸ் காகிதம் இல்லை. அதில் ஒரு கட்டம் ரப்பர் வைத்து அழித்ததில் தாள் மெலிந்து போயிருக்கும். அந்தக் கட்டத்தில் முதலில் இருந்தது நான் சொன்ன பொய். அதை அழித்துவிட்டு உண்மையை எழுதியவரைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. இனிமேலும் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு இருப்பதில் அர்த்தமில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு நான் ஓர் ஆய்வு அலுவலகத்தில் இருந்தேன். வீட்டிலிருந்து நடந்தே போய்விடும் தூரம். மனித மேம்பாடு என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு நாட்டில் பிறக்கும் பிள்ளை எத்தனை காலம் உயிரோடு இருக்கும், எத்தனை வருஷம் பள்ளிக்கூடம் போகும், வளர்ந்தால் கைக்கு என்ன வரும் என்பதையெல்லாம் சேர்த்துப் பிசைந்து ஒரே எண்ணாக உருட்டுவது. எங்கள் அலுவலகம் வீடு வீடாகப் போய் விவரம் சேகரிக்கும். அதை வைத்து நம் நாட்டையும் தெற்காசியா முழுவதையும் ஒப்பிட்டு ஓர் அத்தியாயம் எழுதுவது என் பொறுப்பு. அதில் எனக்குச் செல்லமான வாக்கியம் ஒன்று இருந்தது. 'நம் நாட்டின் நிலை தெற்காசியச் சராசரியை ஒட்டியே அமைந்துள்ளது.' யாருக்கும் உறுத்தாத வாக்கியம். மேலே படிப்பவர்களுக்கு அதில் கௌரவம் இருக்கும், கீழே இருப்பவர்களுக்கு வம்பு இருக்காது. அதை எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால் தேநீர் கூட நன்றாக இருக்கும்.

வீடு வீடாகப் போகிறவர்களில் தமிழ் தெரிந்தவர் ஒரே ஒருவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். அந்த வேலைக்கு இன்வெஸ்டிகேட்டர் என்று பெயர், அதனால் எல்லாரும் அவரை இன்வெஸ்டிகேட்டரம்மா என்றே கூப்பிட்டோம். இந்திக்காரர்கள் மேடம்ஜி என்பார்கள். கணவர் பக்கவாதத்தில் விழுந்து வீட்டோடு இருந்தார். கோல் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய குடியிருப்பின் பின்னறையில் வாடகை. குளிர்காலத்தில் பருத்திப் புடவைக்கு மேல் ஆண்கள் ஸ்வெட்டரும், கீழே சாக்ஸும் கான்வாஸ் ஷூவுமாக, தோளில் படிவப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வருவார். வேலை ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் மார்ச்சில் அது முடியும், புதுப்பிக்க என் கையெழுத்து வேண்டும். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கையெழுத்தில்தான் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

என் செல்ல வாக்கியத்தை முதலில் கேள்வி கேட்டவர் அவர்தான். ஏதோ படிவம் கொடுக்க வந்தவர் மேஜை மேல் இருந்த தாளைப் படித்துவிட்டு, "சார், இந்தத் தெற்காசியாவுக்குள்ள நாமளும் இருக்கோம்லா?" என்றார். "ஆமா, இல்லாம?" என்றேன். "ஒரு தெருவுல பத்து வீடு. அதுல ஏழு வீடு நம்ம வீடு. அப்பம் தெருவும் நாமளும் ஒண்ணுபோல இருக்கோம்னு சொல்லுததுல என்ன சார் இருக்கு? மிச்சம் மூணு வீட்டையில்லா பாக்கணும்." எனக்குச் சுருக்கென்றது. அந்த மிச்ச வீடுகளில், அதாவது பக்கத்து நாடுகளில் சில, நம்மில் ஒரு துண்டு அளவுகூட இல்லாதவை, பிள்ளைகளைக் காப்பாற்றுவதில் நம்மைத் தாண்டிப் போயிருந்தன. அதை நான் அடிக்குறிப்பில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டிருந்தேன். "அதெல்லாம் மெத்தடாலஜிம்மா" என்றேன். பதில் இல்லாதபோது எங்கள் அலுவலகத்தில் சொல்லும் சொல் அது. அவர் "அச்சா சார்" என்று பையை எடுத்துக்கொண்டு போனார்.

களத்துக்குப் போகும் முன் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் அலுவலகத்திலேயே ஒருவரை உட்கார வைத்துப் பயிற்சிக்காக ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பென்சிலில்தான். அந்த வருஷம் சீட்டுக் குலுக்கியதில் அவருக்கு நான் வந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் டிபன் டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு எதிரே உட்கார்ந்தார். குடும்பத் தலைவர் யார் என்ற கேள்விக்கு "நான்தான்" என்றேன். "க்வார்ட்டர்ஸ் யாரு பேருல சார்?" என்றார். இருவரும் சிரித்தோம். பிறகு பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். "ஒரு பையன்." அவர் எழுதவில்லை. கொஞ்சம் குரலைத் தணித்து, "பெத்தது எத்தனை சார், தங்கினது எத்தனை?" என்று இன்னொரு விதமாகக் கேட்டார். "ஒண்ணுன்னா ஒண்ணுதாம்மா. இதுல என்ன பெத்தது, தங்கினது?" என்று எரிந்து விழுந்தேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "சரி சார், ஒண்ணுன்னே போட்டுக்கிடுதேன். ஆனா விதிப்படி இதை வீட்டம்மாகிட்டத்தான் கேக்கணும். ஒரு ஞாயித்துக்கிழமை வாரேன்" என்று பென்சிலைக் காதோரம் செருகிக்கொண்டார்.

எங்களுக்கு முதலில் பிறந்தது பெண். இந்த தில்லியில்தான் பிறந்தாள், பதினோரு நாள் இருந்தாள். பெயர் வைக்க நாள் குறித்திருந்தோம், அதற்குள் போய்விட்டாள். மூன்று வருஷம் கழித்து மகன் பிறந்தான். இடையில், வேலை மாற்றலாகி வீடு மாறுகிறவனைப் போல நான் அந்தப் பதினோரு நாளை விட்டு வெளியே வந்துவிட்டேன். புது இடம், புது ஆட்கள், யாருக்கும் ஒன்றும் தெரியாது. மகனுக்கும் சொல்லவில்லை. மனைவி அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் அவள் மறந்துவிட்டாள் என்றே வைத்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். சோறு நிறைய இருந்தால் போதும்.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு ஒரு தமிழ்க் குடிசைப் பகுதி ஒதுக்கப்பட்டது. ஒரு பெரிய சாக்கடைக் கால்வாய்க் கரையில், வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் இருக்கும் இடம். அவர் கொண்டுவந்த படிவங்களைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. கட்டுக்குக் கட்டு இறந்த குழந்தைகள். கால்வாயின் எதிர்க்கரையில் இந்திக்காரர்கள் பகுதிக்குப் போன இன்வெஸ்டிகேட்டர் பையன் கொண்டுவந்த படிவங்களில் அந்தப் பத்தி ஏறக்குறைய காலி. ஒரே தண்ணீர், ஒரே கொசு, ஒரே ஆஸ்பத்திரி. பக்கத்துப் பகுதியை விட்டு இவ்வளவு விலகினால் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. அப்படித் திரும்பிய படிவங்கள் அதிகமானால் ஒப்பந்தம் புதுப்பிக்கக் கூடாது என்பதும் விதி. ஒரு குடிசைப் பகுதியால் ஒரு நாட்டின் எண் இறங்கிவிடாது. ஆனால் மேலே விளக்கம் எழுத வேண்டியவன் நான். சிவப்புப் பேனாவை எடுத்து வட்டம் போட ஆரம்பித்தேன். கை வலிக்க வலிக்கப் போட்டேன்.

கூப்பிட்டு விசாரித்தேன். "அந்தப் பையன் கேட்டுட்டு வந்திருக்கான், ஒண்ணும் இல்லை. நீங்க போனா மட்டும் வீட்டுக்கு வீடு சாவா?" அவர் கோபப்படவில்லை. "அவன் கேட்ட கேள்விக்கு அந்தப் பதில் சரிதான் சார். எத்தனை பிள்ளைன்னு கேட்டா, இருக்கதத்தான் சொல்லுவாங்க. இருக்க பிள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டு எவளாவது போனதப் பத்திப் பேசுவாளா? கேக்க விதமா கேக்கணும்." நான் தணிந்த குரலில் நியாயம் சொன்னேன். மார்ச் வருகிறது, இத்தனை வட்டத்தோடு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது, மறுபடி ஒரு நடை போய் 'சரிபார்த்தேன்' என்று பாதியை மாற்றிவிட்டால் எல்லாருக்கும் நல்லது. "எனக்கு வேலை வேணும் சார்" என்றார். "வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். ஆனா ஒரு பொம்பளை வாயத் தொறந்து சொன்னத என்னால அழிக்க ஏலாது. வேணும்னா நீங்களே வந்து கேளுங்க."

போனேன். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற உற்சாகம் எனக்கு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முற்பகல் வெயிலில் ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கம். முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டாள். "எத்தனை பிள்ளைங்கம்மா?" "ரெண்டு சார். பெரியவ ஆறாவது, சின்னவன் ரெண்டாவது." நான் இன்வெஸ்டிகேட்டரம்மாவைப் பார்த்தேன். போதுமா என்ற பார்வை. அவர் தரையில், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முறத்திலிருந்து தானும் இரண்டு கல்லைப் பொறுக்கிப் போட்டார். பிறகுதான் கேட்டார். "பெத்தது எத்தனை தாயி, தங்கினது எத்தனை?" அவள் முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளே இருந்த பிள்ளைகளைக் குடத்தைக் கொடுத்துத் தண்ணீர் லாரிக்கு வரிசை போடச் சொல்லி அனுப்பினாள். அவர்கள் சந்து திரும்பும் வரை பார்த்திருந்துவிட்டு, "நாலு, அக்கா. ரெண்டு தங்கல" என்றாள். ஒன்று பிறந்த அன்றே போயிற்று. மற்றொன்று பத்து நாள் பால் குடித்தது. "கண்ணெல்லாம் மஞ்சளாப் போச்சு. வெயில்ல காட்டுன்னாங்க, காட்டுனேன். பேரு வெக்கல. தொட்டில்ல போடவேயில்ல."

எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தவரிடம் எதையாவது விசாரிக்க வேண்டுமே என்பதற்காக, "ஒங்களுக்கு எத்தினி சார்?" என்று கேட்டாள். இன்வெஸ்டிகேட்டரம்மா குனிந்து படிவத்தில் எதையோ தேடினார். தேட அதில் ஒன்றும் இல்லை. "ஒரு பையன்" என்றேன். அரிசியை அப்படியே போட்டுவிட்டுத் தங்காத தன் இரண்டு குழந்தைகளையும் பற்றி எனக்கு எடுத்துச் சொன்னவளிடம், அவளுக்கு ஒரு நஷ்டமும் எனக்கு ஒரு லாபமும் இல்லாத இடத்தில், நான் பொய் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், பயிற்சிப் படிவத்தை முடிக்க. மகன் கிரிக்கெட் ஆடப் போயிருந்தான். நான் முன்னறையில் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். சமையலறையில் என் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவரும் கூட உட்கார்ந்து உரித்திருக்க வேண்டும், கிண்ணத்தில் இரண்டு கையின் சத்தம் கேட்டது. ஊர், படிப்பு, சம்பளம் எல்லாம் ஆயிற்று. பிறகு அந்தக் கேள்வி. என் மனைவி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போலச் சொன்னாள். "ரெண்டு. ஒண்ணு தங்கலை. பொண்ணு. பதினோரு நாள்." பென்சில் எழுத்தை ரப்பரால் தேய்க்கும் சத்தம் கேட்டது. "பேரு எழுத ஒரு கட்டம் இருக்கும்மா. வைக்கலைன்னா வைக்கலைன்னு போட்டுடுதேன்." "வெச்சிருக்கேன்" என்றாள் என் மனைவி. பெயரைச் சொன்னாள். "தமிழ்லயே எழுதிடுங்கோ" என்றும் சொன்னாள்.

அந்தப் பெயர் அதுவரை எனக்குத் தெரியாது. நல்ல பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை, அது அவளுடையது. அவர் போன பிறகு நான் உள்ளே போய் மிச்சப் பட்டாணிக்கு முன்னால் உட்கார்ந்தேன். "எப்ப வெச்ச?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிலயே." "எங்கிட்ட சொல்லலையே?" "நீங்க கேக்கலையே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. உப்பு எங்கே என்று கேட்டால் பதில் சொல்வது போலச் சொன்னாள். ஊர் ஊராக ஆட்களை அனுப்பி ஆயிரம் வீட்டில் கேள்வி கேட்க வைக்கிறவன் நான். இருபது வருஷத்துக்குக் கிட்ட இந்த ஒரு வீட்டில் கேட்டதில்லை. அன்று எனக்கு வந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

திங்கட்கிழமை அவர் கொண்டுவந்த படிவங்கள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். சிவப்பு வட்டங்களை அடித்து, கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்று ஒரு குறிப்பும் வைத்தேன். இயக்குநர் படித்துப் பார்த்தார். நல்ல மனிதர், கெட்டிக்காரர். "இது உண்மையாவே இருக்கலாம். ஆனா மத்த இடத்துல எல்லாம் வேற மாதிரி கேட்டிருக்காங்க. அதோட இதை ஒப்பிட முடியாதே" என்றார். அப்படியானால் மற்ற இடங்களிலும் இப்படிக் கேட்போம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அறிக்கை வெளிவரும் நாள் நெருங்கிவிட்டது, அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் "சரி சார்" என்றேன். அந்தக் குடிசைப் பகுதியின் கட்டு முழுவதும் கணக்கில் சேராமல் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட கட்டுக்கு உரியவர் என்பதால் மார்ச்சில் அவருடைய ஒப்பந்தமும் நின்றது. பரிந்துரைக் குறிப்பு ஒன்று எழுதினேன். எழுந்து போய்ச் சண்டை போடவில்லை. அறிக்கை வந்தது. நம் நாட்டின் நிலை தெற்காசியச் சராசரியை ஒட்டியே அமைந்திருந்தது.

கடைசி நாளன்று அவர் என் அறைக்கு வந்தார். நான் ஏதேதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். "விடுங்க சார், நீங்க கையெழுத்துப் போட்டீங்கல்லா, அதுவே பெருசு" என்றார். அது பெரிதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பையிலிருந்து இந்தப் பயிற்சிப் படிவத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். "பயிற்சிப் படிவத்தைக் கிழிச்சுப் போட்டுடணும்னு விதி. எனக்கு மனசு வரலை. இது உங்க வீட்டோடது" என்றார். கணவரை அழைத்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தேடியிருக்கலாம். தேடவில்லை. இப்போதும் வருஷா வருஷம் இப்படி அறிக்கைகள் வருகின்றன. பழக்க தோஷத்தில் ஒப்பீட்டுப் பக்கத்தை மட்டும் புரட்டுவேன். நாட்டுக்கு எதிரே எண், பிராந்தியத்துக்கு எதிரே எண். யார் எந்த வீட்டு வாசலில் எப்படி உட்கார்ந்து கேட்டார்களோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

இன்று காலை டீ குடித்துவிட்டு மறுபடி அட்டைப்பெட்டிகளோடு உட்கார்ந்தோம். மகன் நேற்றைய உறையை எங்கும் வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தான். "பா, இது ஆபீஸ் பேப்பர் இல்லையே. இதுல சில்ரன் டூன்னு போட்டிருக்கு. ராங்கா எழுதிட்டாங்களா?" சமையலறையில் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. "ராங் இல்லை. ரெண்டுதான்" என்றேன். "உனக்கு முன்னாடி ஒரு அக்கா. பதினோரு நாள் இருந்தா." அவன் என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, தேய்ந்த கட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு தமிழ்ச் சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான். தில்லியில் வளர்ந்தவன், தமிழ் பேசுவான், படிக்க வராது. என் மனைவி கையில் ஒரு டம்ளரோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

நான் படித்தேன். அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. மகன் அதை ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தான், சரியாகவே சொன்னான். காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு, "அப்ப இது கபாடிக்கு இல்லைதானே?" என்றான்.

"இல்லை" என்றாள் என் மனைவி.